வெள்ளை வேட்டியில் ஒரு கையளவு இடம்

ஐயா,

போன வாரம் நீ போனில் கேட்டது சின்ன விஷயம்தான். அடுத்த மாதம் போலந்துக்குக் கிளம்புகிறாய், அங்கே கடுங்குளிர் என்கிறார்கள், சின்ன வயதில் நான் செய்து தந்த வெங்காய சூப் பொடி ஒரு பாட்டில் வேண்டும், கூடவே செய்முறையையும் எழுதித் தரவேண்டும் என்றாய். சரி என்றேன். அதோடு நீ போனை வைத்திருக்கலாம். "சூப்பக் குடுக்கதுக்கு முன்னாடி டம்ளர்ல நகத்தால மூணு தட்டு தட்டுவியே, கண்ணாடி வளையல் சத்தம் கேக்குமே, எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்மா" என்று சொல்லிச் சிரித்தாய். பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே எரியவில்லை. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்களைப் பிரசவத்தின்போது கழற்றியவள், அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் கண்ணாடி வளையல் போட்டதில்லை. டம்ளரைத் தட்டும் பழக்கமும் எனக்கு இல்லை. ஆனால் நீ சொன்ன அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். கேட்டது நாம் இரண்டு பேர் மட்டும்தான். உனக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. நினைவிருக்காது என்ற தைரியத்தில் இத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

ஆகவே செய்முறையோடு மற்றதையும் எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் ஒரு பெண்மேல் நாலு பேர் முன்னால் பழி போட்டேன். நாலு பேர் முன்னால் போட்ட பழியை வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு திரும்ப எடுக்க முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் குறுக்குத்துறைக்குப் போகிற சாலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நம்முடையது மாடி. ஒரு அறை, ஒரு அடுக்களை, அறையிலிருந்து நேராகத் திறக்கிற ஒரு மொட்டைமாடி. மொட்டைமாடியின் பின்பக்கம் கீழே இறங்க ஒரு தனிப் படிக்கட்டும் இருந்தது. கைப்பிடிச்சுவரருகே நின்றால் தாமிரபரணியும் அதன் நடுவே கல்மண்டபங்களும் தெரியும். கோடையில் தண்ணீர் இறங்கி மணல் திட்டுகள் வெளியே வந்து வெள்ளை வெயிலில் கிடக்கும். கீழ்வீட்டில் பேச்சியக்கா இருந்தாள். நாற்பது வயதிருக்கும், தனி ஆள். வாசல்படியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை பீடி சுற்றுவாள். அவளுக்குப் பிறந்த மூன்று குழந்தைகளும் வருடம் திரும்புவதற்குள் போய்விட்டன என்று நாங்கள் குடிவந்த முதல் வாரமே தெருக்குழாயில் எனக்குச் சொல்லிவிட்டார்கள். நான் பட்டப்படிப்பு படித்தவள் என்பதால் அவள் எனக்கு வைத்த பெயர் 'காலேஜு'.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். என் அம்மாவும் பீடி சுற்றியவள்தான். ஆழ்வார்குறிச்சிப் பக்கத்து எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பெண்களும் பீடிதான் சுற்றினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் இலை வெட்டியிருக்கிறேன். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். பாளையங்கோட்டையில் மனையியல் படித்தேன். மத்தியானம் என் சோற்று டப்பாவைத் திறந்தால் புளிச்சாதத்துக்கு முன்னால் புகையிலை வாடை வரும். சுற்றுகிற கைக்கு அந்த வாடை ஏறிவிட்டால் தண்ணீரில் போகாது, சீயக்காயில் போகாது. அது பிசைந்த மாவில் இருக்கும், முடிந்த பூவில் இருக்கும். பக்கத்துப் பெண்கள் மூக்கைச் சுளிக்கும்போது நான் டப்பாவை மூடிவிட்டுப் பசிக்கவில்லை என்பேன். கல்யாணமாகி வந்த தெருவில், அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டவர்களிடம் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். பேச்சியக்காவின் வாசலைக் கடக்கும்போதெல்லாம் வேகமாகப் படியேறிவிடுவேன். அந்த வாடை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருக்கும்.

பங்குனியில் உனக்கு மணல்வாரி அம்மை போட்டது. அம்மை இறங்கியது, உன் பசியும் அதோடு இறங்கிப் போய்விட்டது. இட்லியைத் துப்பினாய், பாலைத் துப்பினாய், குழைந்த சோற்றை வாயில் வைத்தால் அப்படியே வெளியே தள்ளினாய். இடுப்பில் தூக்கினால் நீ இருப்பதே தெரியாது. டாக்டர் எடை பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்றார். ஒன்றும் ஓடாமல் என் கல்லூரிச் செய்முறை நோட்டை எடுத்துப் புரட்டினேன். அதில் உலர்ந்த வெங்காய சூப் பொடி இருந்தது. கெடாது, எளிதில் செரிக்கும், பசியைத் தூண்டும் என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன். அதை அப்போது நான் சாமி வாக்குப்போல நம்பினேன்.

நீ கேட்ட செய்முறை இதுதான். இரண்டு கிலோ பல்லாரி வாங்கு. சின்ன வெங்காயம் வேண்டாம், அதில் ஈரமும் இனிப்பும் வேறு. தோலுரித்து, காகிதம்போல மெல்லிசாக, எல்லாம் ஒரே கனமாக நறுக்கு. கனம் மாறினால் ஒன்று காயும், ஒன்று வேர்க்கும். வேர்த்த ஒன்று பாட்டில் முழுவதையும் கெடுக்கும். நான் வெளுத்த வேட்டியை மொட்டைமாடியில் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே கொசுவலையைப் போட்டு நாலு மூலையிலும் கல் வைப்பேன். மூன்று வெயில் வேண்டும். கையிலெடுத்தால் வளையாமல் சருகுபோல ஒடியவேண்டும். இரண்டு கிலோ காய்ந்தால் இருநூறு கிராம்கூடத் தேறாது. உனக்கு அங்கே வெயில் கிடைக்காது. ஓவனில் மிகக் குறைந்த சூட்டில் வை, கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி ஈரம் போக வழி விடு. காய்ந்ததில் பாதியை வெறும் இரும்புச் சட்டியில், சிறு தீயில், பைய வறு. பொன்னிறம் தாண்டிப் பழுப்புக்கு வரும்போது இறக்கிவிடு, சட்டியின் சூடே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆறியதும் அதோடு வறுத்த உப்பு இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த பூண்டுப் பொடி ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை, சோளமாவு இரண்டு தேக்கரண்டி சேர்த்துப் பொடித்துக்கொள். நிழலில் காய்ந்த மல்லித்தழையைக் கடைசியில் கலந்துவிடு. மற்றப் பாதி வெங்காயச் சருகை வறுக்காதே, பொடிக்காதே, அப்படியே சேர். நோட்டில் இந்தப் பாதி கிடையாது. நோட்டில் எல்லாவற்றையும் பொடிக்கத்தான் சொல்லியிருந்தது. இந்தப் பாதி எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அம்மை கண்ட வீட்டில், பிள்ளைக்கு வேப்பிலைத் தண்ணீர் மூன்று தடவை ஊற்றும்வரை வறுக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது என்பது உனக்குத் தெரியும். உனக்கு இரண்டு தண்ணீர்தான் ஊற்றியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, வறுத்துவிட்டேன். கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏ காலேஜு! மூணாந்தண்ணி ஊத்தலையே இன்னும். அம்ம இருந்த வீட்டுல அதுக்குள்ள என்ன வறுவலு?"

"அது ஒரு வைரஸ் அக்கா. வெங்காயத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது."

"வைரசோ வயிரவனோ, எனக்குத் தெரியாது தாயி. தெருவே இங்கன தும்மிக்கிட்டுக் கெடக்கு. பிள்ளைக்கு மூச்சு முட்டுதா பாரு மொதல்ல."

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தச் சூடு ஆறாமல் உள்ளேயே கிடந்தது. பிறகு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆசையாகக் கலக்கிக் கொடுத்த சூப்பை நீ என் முகத்திலேயே துப்பினாய் என்பதையும் சேர்த்துக்கொள்.

அந்த நாட்களில் நான் இரவெல்லாம் உன்னைத் தோளில் போட்டு நடந்துவிட்டு, மத்தியானம் உன் பக்கத்தில் பாயில் விழுந்தால் செத்த பிணம்போலத் தூங்குவேன். அறையின் முன்கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும். காற்றுக்காக மொட்டைமாடிக் கதவு மட்டும் திறந்திருக்கும். பொடி செய்த நாலாம் நாள் அடுத்த ஈடு வெங்காயத்தைக் காயப்போட்டிருந்தேன். எழுந்து பார்த்தபோது உன் தலைமாட்டில் ஒரு டம்ளர் இருந்தது. அதன் அடியில் ஊறிய வெங்காயச் சருகு இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் வைத்திருந்த பிளாஸ்கின் மூடி திறந்து கிடந்தது. உன் கடைவாயில் ஒரு சருகு. நீ என்னைப் பார்த்தபடி, ரொம்ப நாளைக்குப் பிறகு, நிம்மதியாக விரல் சூப்பிக்கொண்டிருந்தாய். தூக்கக் கலக்கத்தில் நானே கொடுத்திருப்பேன் என்று எண்ணிக்கொண்டேன். மறுநாளும் அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும்.

மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். கல் நகரவில்லை. வலை கலையவில்லை. நான் இடைவெளி பார்த்துப் பரப்பிய வெங்காயத்தில், வேட்டியின் ஆற்றுப்பக்க ஓரத்தில், கையளவு இடம் காலியாக இருந்தது. துணியில் நாலு விரல் வழித்த தடம் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த உன் அப்பாவிடம் காட்டினேன்.

"காக்கா தூக்கியிருக்கும்" என்றார்.

"காக்கா வெங்காயம் திங்குமா? அதுவும் வலைக்குள்ள கைய விட்டா?"

"நம்மூரு காக்கா என்னதான் திங்காது? பிள்ள முகம் தெளிஞ்சிருக்கே, அதப் பாரு" என்று சொல்லிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உன் முகம் தெளிந்துதான் இருந்தது. டாக்டரின் தராசும் அதையே சொன்னது. தாய் என்றால் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ, என் கையிலிருந்து வாங்காத பிள்ளை வேறு எந்தக் கையிலிருந்து வாங்குகிறான் என்பதுதான் குடைந்தது. பின்படிக்கட்டு கீழ்வீட்டுப் பக்கமாகத்தான் இறங்கும். நான் யோசிக்கவே இல்லை. ஐயா, இனி சொல்லப்போவதுதான் என் தவறு. அந்த டம்ளரை நான் மூன்று நாளும் முகர்ந்து பார்த்திருந்தேன். உன் வாயை முகர்ந்திருந்தேன், உன் சட்டையை முகர்ந்திருந்தேன். வெங்காய வாடை இருந்தது, ஈரமணல் வாடை ஒன்று லேசாக இருந்தது. புகையிலை வாடை துளிகூட இல்லை. ஒரு பீடிக்காரியின் கை பட்ட டம்ளரில் அது இல்லாமல் இருக்காது என்று இந்தத் தெருவில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். இருபது வருடம் அந்தக் கைச்சோறு தின்றவள் நான். தெரிந்தும், தெரியாதவள்போலக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன்.

நாலு வார்த்தை சேர்த்துப் பேசக் கூசுகிறவள் என்று என்னைச் சொல்வார்கள். கூச்சமுள்ளவர்களுக்குக் கோபம் வந்தால் அளவு தெரியாது. பேச்சியக்கா குடத்தைக் குழாயில் வைத்திருந்தாள். சுற்றி ஐந்தாறு பெண்கள் நின்றார்கள்.

"அக்கா, நான் தூங்குற நேரத்துல மாடிக்கு வராதீங்க. உங்க கையால எம் பிள்ளைக்கு எதுவும் கொடுக்காதீங்க" என்றேன்.

"நானா? நான் படியேறி ரெண்டு மாசமாவுது தாயி. முட்டு மடங்க மாட்டேங்கு."

"மூணு பெத்து மூணையும் மண்ணுக்குக் கொடுத்த கை அது. எம் பிள்ளையையாவது விட்ருங்க."

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. யாரும் குழாயை அடைக்கவில்லை. "ஏளா, படிச்சவ பேசுத பேச்சா இது?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். பேச்சியக்கா கோபப்படவில்லை. என்னை உற்றுப் பார்த்து, "பிள்ள குடிக்கானா?" என்றாள்.

நான் வழிகிற தண்ணீரையே பார்த்தேன்.

"குடிக்கான்லா? அப்பம் யாரு கொடுத்தா என்னட்டி?"

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அப்போதுதான் கவனித்தேன், இடது காலை மடக்காமல் இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். வாசலில் இருந்த ஒற்றைப் படியையே சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மறுநாள் காலையில் கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. ஆழ்வார்திருநகரியில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

நான் வெங்காயம் காயப்போடுவதை நிறுத்தினேன். மத்தியானம் மொட்டைமாடிக் கதவையும் தாழ் போட்டேன். டம்ளர் வரவில்லை. நீயும் பழையபடி எல்லாவற்றையும் துப்பத் தொடங்கினாய். ஒரு வாரத்தில் உன் கண் உள்ளே போய்விட்டது. உச்சிப்பொழுதானால் தாழ் போட்ட கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பாய். அழமாட்டாய். ஒரு நாள் கையை நீட்டி, கதவைப் பார்த்து, "வா" என்றாய். அம்மா, அப்பாவுக்கு அப்புறம் நீ பேசிய மூன்றாவது சொல் அது. கீழ்வீட்டில் யாருமில்லை. பின்படிக்கட்டின் கதவுக்கு வீட்டுச் சொந்தக்காரர் பூட்டுப் போட்டு நாலு நாள் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் எடை பார்த்த டாக்டர், திங்கட்கிழமை வந்து சேர்த்துவிடுங்கள் என்றார். அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில் நான் பல்லாரி வாங்கிவந்து நறுக்கினேன். வேட்டியை விரித்தேன். பரப்பினேன். பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி, பக்கத்தில் உப்பும் டம்ளரும் வைத்தேன். மத்தியானம் மொட்டைமாடிக் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு உன் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை. வெயில் இமைக்குள்ளே சிவப்பாகத் தெரிந்தது. தெருவில் ஒரு சத்தமில்லை, காக்காய்கூடக் கத்தவில்லை. அந்தச் சிவப்பு சட்டென்று இருண்டது. எனக்கும் வாசலுக்கும் நடுவே யாரோ நிற்கிறார்கள். வளையல் சத்தம் கேட்டது, கண்ணாடி வளையல், நாலைந்து இருக்கும். பிளாஸ்க் மூடி திறக்கும் சத்தம். ஈரமணல் வாடை. பிறகு டம்ளரில் நகத்தால் மூன்று தட்டு. நீ எழுந்து உட்கார்ந்தாய், பாய் அசைந்தது. மடக் மடக்கென்று நீ குடித்தாய். எல்லாவற்றையும் கவனிக்கிறவள், எதையும் உற்றுப் பார்க்காமல் விடாதவள், கையெட்டும் தூரத்தில் நடந்த அந்த ஒன்றை நான் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தால் அது போய்விடும் என்று பயமாக இருந்தது. அது போய்விட்டால் நீயும் போய்விடுவாய். இமையை இறுக்கி மூடிக்கொண்டு, குடி ராசா, குடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை உன்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தேவைப்படவில்லை. சித்திரை முழுக்க வேட்டியில் தினமும் கையளவு இடம் காலியானது. ஒரு நாள் அந்தத் தடத்தின் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். என் கையைவிடச் சின்னது, விரல்கள் மெலிந்தவை. பேச்சியக்காவின் கை முறம்போல அகலம். யாருடையது என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஒரு பெயர் வந்துவிடும். பெயர் வந்தால் அதை விரட்ட உடுக்கையோடு ஒரு ஆளும் வந்துவிடுவான். எனக்குச் சோறு போட்ட அம்மாவை மறைத்தேன், இல்லாத குற்றத்துக்கு ஒருத்தியைத் துரத்தினேன். இவளையாவது விட்டுவிடலாம் என்று தோன்றியது. வைகாசி பிறந்த சமயம் ஒரு மத்தியானம் நீயாகவே அடுக்களைக்கு நடந்து வந்து "சோறு" என்றாய். அன்று வேட்டியில் ஒரு சருகும் குறையவில்லை. அதன் பிறகு என்றுமே குறையவில்லை. நீ குடித்தது வறுக்காத அந்தச் சருகைத்தான் என்பதால், அன்றுமுதல் பாதியை அப்படியே சேர்க்கிறேன்.

உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒரு பாட்டில் பொடியோடு ஆழ்வார்திருநகரிக்குப் பஸ் ஏறினேன். பேச்சியக்கா தம்பி வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வா காலேஜு. பிள்ளய இங்கன கொண்டாந்திருக்க, பயமா இல்லையா?"

"என்னை மன்னிச்சிருங்கக்கா. அது நீங்க இல்ல. எனக்கு அப்பவே தெரியும்."

அவள் சுற்றுவதை நிறுத்திவிட்டு, வலது உள்ளங்கையை விரித்து என் மூக்கருகே நீட்டினாள். "முகந்து பாரு." முகர்ந்தேன். என் அம்மாவின் வாடை.

"படிச்சா மூக்குமா போயிரும்? நீ இல வெட்டுன கைதானட்டி. வந்த அன்னைக்கே தெரியும். மல்லித்தழைய கத்திரிய வச்சு நறுக்குதியே, அந்தப் பிடி பீடிக்காரி பிடில்லா. ஒனக்குத் தெரியாமப் போச்சுன்னா விட்ருவேன். தெரிஞ்சுல்லா சொன்ன."

நான் உன்னை இறக்கிவிட்டேன். நீ நேராக அவளிடம் போய் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினாய். அவள் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"வேண்டாம் ராசா. இந்தக் கை பட்டுச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வேண்டாம்."

நீ அவள் சேலையை இழுத்தாய். அவள் குனிந்து உன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள், கையை மட்டும் முன்னால் கொண்டுவரவில்லை. தூக்குங்கக்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது. வாசலில் அவளுடைய தம்பி பெண்டாட்டி நின்றாள், அடுத்த வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். பழி சொல்லும்போது வராத கூச்சம் அப்போது வந்து வாயை அடைத்தது. பொடியை வைத்துவிட்டுப் போ என்றாள் பேச்சியக்கா. வைத்துவிட்டு வந்தேன். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் அவள் இறந்த செய்தி வந்தது. உன்னை அவள் கடைசிவரை தொடவே இல்லை.

உனக்கு நான் சொல்ல நினைக்கிற புத்தி கொஞ்சம்தான். போகிற இடத்தில் உன் பக்கத்து வீட்டில் யார் இருப்பார்களோ தெரியாது. யார்மீதாவது சந்தேகம் வந்தால், உன் மூக்குக்கும் கண்ணுக்கும் ஏற்கெனவே என்ன தெரியும் என்று முதலில் உன்னையே கேட்டுக்கொள். உன் ஆச்சி பீடி சுற்றியவள் என்பதை அங்கே கேட்கிறவர்களிடம் தயங்காமல் சொல். மன்னிப்புக் கேட்கும்போது பாதியில் நிறுத்தாதே. நான் நிறுத்திய இடத்தில் அது முப்பது வருடமாக நின்றுகொண்டிருக்கிறது.

இனி இந்த வாரம் நடந்தது. உனக்காகப் பொடி செய்ய, நம் சொந்த வீட்டு மொட்டைமாடியில் வேட்டி விரித்தேன். இது அந்த வீடில்லை, ஆறு இங்கிருந்து தெரியாது, பக்கத்து மாடியிலிருந்து தாவி வரவும் வழியில்லை. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் உச்சிவெயிலில் மேலே போனபோது வேட்டியின் ஓரத்தில் ஒரு கையளவு இடம் காலியாக இருந்தது. வலை அப்படியே இருந்தது. நான் உட்கார்ந்து என் கையை அதன் மேல் வைத்தேன். என் கை அதற்குள் சின்னதாகத் தெரிந்தது. இது அந்த மெலிந்த கை இல்லை. முறம்போல அகலமான கை. இந்த முறை நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது. பின்னாலேயே வந்த உன் அப்பா படியில் நின்று மூக்கை உறிஞ்சினார். "இங்கன யாரு பீடி குடிச்சா?" என்றார். அவர் இறங்கிப் போனதும் வெறும் வெயிலைப் பார்த்து, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்: "தூக்குங்கக்கா. உங்க பிள்ளதான்."

பாட்டில் தயாராக இருக்கிறது. இரண்டு தேக்கரண்டி பொடிக்கு ஒரு டம்ளர் கொதிநீர், மூடிவைத்து ஐந்து நிமிடம் கழித்துக் குடி. டம்ளரை நீ தட்டவேண்டாம். எடை போட்டுப் பார்த்தால் அளவு கொஞ்சம் குறைவாக இருக்கும், தேடாதே. மூடியைத் திறந்ததும் வெங்காயத்துக்கு முன்னால் லேசாகப் புகையிலை வாடை வரும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதே ஐயா.

உன் அம்மா